ராதைக்குப் பாட்டு இல்லை

செய்யாறு, வந்தவாசி, ஆரணி வட்டாரத்துக் கிராமங்களில் வயதானவர் ஒருவர் இறந்துபோனால், கருமாதியன்று இரவு கர்ண மோட்சம் கூத்து வைப்பது இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. பகலில் காரியம் முடிந்து, உறவுகளும் பங்காளிகளும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, வீட்டுக்கு முன்னால் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, இரவு பத்து மணி வாக்கில் மத்தளம் தட்டத் தொடங்குவார்கள். கிழக்கு வெளுக்கிற நேரத்தில் கர்ணன் சாவான். தன் புண்ணியம் முழுவதையும் தானம் செய்துவிட்டு அவன் மோட்சம் போகிற அதே வேளையில், அந்த வீட்டில் செத்துப்போனவருடைய உயிரும் அவனோடு சேர்ந்து கரையேறும் என்பது நம்பிக்கை. மூன்று ஆண்டுகளுக்கு முன், என்னை வளர்த்த பெரியம்மாவின் கருமாதிக்கு அந்தக் கூத்தை நான் வைத்தேன்.

பெரியம்மா என்று எழுதுவது, படிக்கிறவர்களுக்கு உறவுமுறை விளங்க வேண்டும் என்பதற்காகத்தான். வீட்டில் அவளை நான் அம்மா என்றுதான் அழைத்தேன். பதினோரு ஆண்டுகள் பிள்ளையில்லாதிருந்த அக்காவுக்கு, மூன்றாவது ஆண்பிள்ளையாகப் பிறந்த என்னைத் தங்கை தூக்கிக் கொடுத்தாள். பெற்றவளைச் சித்தி என்றும், பெற்ற தகப்பனைச் சித்தப்பா என்றும் அழைத்து வளர்ந்தேன். இதில் ரகசியம் எதுவும் இல்லை, ஊருக்கே தெரியும். என்னை யாரும் பெட்டியில் வைத்து ஆற்றில் விடவும் இல்லை. மூன்று தெரு தள்ளிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஆகவே கர்ணனோடு என்னை ஒப்பிட்டுக்கொள்கிற ஆசை எனக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். (பள்ளிக்கூடத்தில் பசங்கள் ஒப்பிட்டார்கள், அது வேறு.)

சிக்கல் அவள் செத்த அன்று வந்தது. பெரியப்பா முன்பே காலமாகியிருந்தார். என்னைச் சட்டப்படி தத்து எழுதிக்கொண்டதும் இல்லை. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் குத்துக்கல்லாக நிற்கும்போது வேறு வீட்டுப் பிள்ளை எப்படிக் கொள்ளிச்சட்டி எடுப்பான் என்று பெரியப்பாவின் தம்பிகள் கேட்டார்கள். அதையாவது பேசிச் சமாளித்திருக்கலாம். என்னைப் பெற்றவர் திண்ணையிலிருந்து எழுந்து, "நாங்க ரெண்டு பேரும் உயிரோட இருக்கச்சொல்ல அவன் மொட்டை அடிச்சிக்கினு நிப்பானா?" என்று கேட்டபோது, அதற்கு என்னிடம் பதில் இல்லாமல் போனது. தாய் தகப்பன் இருக்கிறவன் இன்னொருவருக்கு மயிர் இறக்கினால் அது இருக்கிறவர்களுக்கு ஆகாது என்பது எங்கள் ஊர்க் கட்டு. சித்தி அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள், வாயைத் திறக்கவில்லை. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது, அதற்குப் பிறகும் வெகுநாள் தோன்றிக்கொண்டிருந்தது. பெரியப்பாவின் தம்பி மகன் மொட்டை அடித்துக்கொண்டு சட்டியைத் தூக்கினான். நான் தலைமயிரோடு பின்னால் நடந்தேன். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது ஊர்ப் பெரியவர் ஒருவர், என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, "கூத்துச் செலவை அவன் பாத்துக்கட்டும்" என்றார். எனக்குக் கிடைத்த பங்கு அதுதான்.

கர்ண மோட்சத்தைச் சிறு வயதிலிருந்து எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கு இல்லை. திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில், பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாட்டைப் பாடிப் பாடி விளக்கம் சொல்வார். இரவில் அதே கதை கூத்தாக நடக்கும். தபசு மரம் ஏறுகிற அர்ச்சுனன் ஓர் இரவு, துகில் உரிகிற துச்சாதனன் ஓர் இரவு என்று போய், கடைசி நாட்களில் கர்ணன் வருவான். அவன் செத்த பிறகு பதினெட்டாம் போர், மறுநாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் மல்லாந்து கிடப்பான், மாலையில் தீமிதி. பெரியம்மா என்னைப் பாயும் தலையணையுமாக இந்தக் கூத்துகளுக்குக் கூட்டிக்கொண்டு போவாள். பீமன் வருகிற இரவுகளில் தூங்கிவிடுகிறவள், கர்ணன் இரவில் மட்டும் கண் கொட்ட மாட்டாள்.

இந்த நாடகத்தைப் புகழேந்திப் புலவர் பேரில் ஏற்றிச் சொல்வது மரபு. நளவெண்பா பாடிய புகழேந்திதான் இதையும் எழுதினாரா என்பது பண்டிதர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு. 1998-இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வெளியீடாக ஹன்னே தெ ப்ரூயின் இதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். தெருக்கூத்து என்ற பெயரைவிடக் கட்டைக்கூத்து என்ற பெயரே சரியானது என்று வாதிடுகிறவர்களில் அவரும் ஒருவர். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் என்று, எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டிய அந்தக் கட்டைகளைப் பூட்டிக்கொண்டு ஒருவர் விடிய விடிய ஆடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரில் ஆட்சேபணை இருக்காது.

அன்றைக்கு இரவு, இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து கர்ணன் முதலில் கிரீடத்தின் நுனியைத்தான் காட்டினான். திரை விருத்தம் முடிந்து, திரையை உதறிவிட்டு, கூத்து ஆடுகிற களரியை மூன்று முறை கிறுக்கி அடித்துச் சுற்றி வந்து நின்றதும், கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வழக்கமான கேள்வியைக் கேட்டான்: "ஐயா யாரு? எந்த ஊரு? யாரு பெத்த புள்ள?" வேஷம் கட்டி வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது. துரியோதனனிடம் கேட்டால் மீசையை முறுக்கிக்கொண்டு பதில் சொல்வான். கர்ணனிடம் கேட்கும்போது மட்டும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழும்பிப் பாதியில் அடங்கும். பெற்றவர்கள் பெயரைச் சொன்னால் இவன் இருக்கிற பக்கம் மாறிவிடும். வளர்த்தவர்கள் பெயரைச் சொன்னால் சபை சிரிக்கும். பாரதத்தில் அவனுக்கு நேர்ந்த அத்தனை சண்டையும் அந்த மூன்றாவது கேள்வியில் இருக்கிறது.

கர்ண மோட்சத்தின் உயிர் அர்ச்சுனனோடு நடக்கிற போரில் இல்லை, பொன்னுருவியோடு நடக்கிற வழக்காட்டில் இருக்கிறது என்பது என் கட்சி. வியாச பாரதத்தில் பொன்னுருவி என்ற பெயரே கிடையாது. இவள் தமிழ்க் கதைமரபு கர்ணனுக்குக் கட்டிவைத்த மனைவி. ராஜகுமாரி. தேரோட்டி வீட்டுப் பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டோமே என்ற ஆங்காரம் தீராதவள். பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் முன் கர்ணன் அவளிடம் விடை கேட்க வருகிறான். அன்றைய ஆட்டத்தில் பொன்னுருவி வேஷம் கட்டியவருக்கு ஐம்பது வயதுக்குக் குறையாது; பகலில் அவரை மேல்சட்டை இல்லாமல் டீக்கடையில் பார்த்திருந்தேன். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கணவனுக்கு முதுகைக் காட்டி, பெஞ்சின் விளிம்பில் அவர் உட்கார்ந்த விதத்தில் அந்த டீக்கடை ஆள் காணாமல் போய்விட்டார். கர்ணன் கூப்பிடக் கூப்பிட முதுகு மட்டும்தான் பேசியது. உன் குலம் என்ன, உன் கோத்திரம் என்ன, குதிரைச் சாணத்தின் வாடை போகாத வீட்டில் என்னைக் கொண்டுவந்து வைத்தாயே என்று அவள் அடுக்க அடுக்க, முன்வரிசைப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். புருஷனை ஒருத்தி தெருவில் நிறுத்தி வைத்துக் கேட்பதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அவள் சாதியைச் சொல்லி ஏசத் தொடங்கிய இடத்தில் சிரிப்பு நின்றது. எங்கள் பக்கத்தில் அந்தச் சொற்களுக்கு வேறு வேறு வீட்டு விலாசங்கள் உண்டு. பாய் விரித்திருந்தவர்களில் பலர் அவற்றைச் சொன்னவர்கள், பலர் வாங்கியவர்கள்.

நாளைக்கு உயிரோடு இருப்போமோ என்று தெரியாத மனிதன், கடைசியில் அவளிடம் தன் பிறப்பைச் சொல்லிவிடுகிறான். சூரியன் மகன், குந்தி பெற்றவன், பாண்டவர் ஐவருக்கும் மூத்தவன். முதுகு மெல்லத் திரும்புகிறது. அதற்குப் பிறகு பொன்னுருவி அழுகிற அழுகை, கெட்ட கனவு கண்டேன் போகாதே என்று காலைப் பிடிக்கிற பாட்டு, இவையெல்லாம் கூட்டத்தை உலுக்குகிறவை. என்னையும் உலுக்கின. ஆனாலும் அந்த இடத்தில் எனக்கு ஒரு கசப்பு எப்போதும் தங்கிவிடும். அவன் நல்லவன் என்பதற்காக அவள் திரும்பவில்லை. கேட்டவனுக்கு இல்லையென்று சொல்லாதவன் என்று உலகமே கொண்டாடியதற்காகவும் திரும்பவில்லை. க்ஷத்திரியன் என்று தெரிந்த பிறகுதான் திரும்பினாள். நாடகம் இதற்காக அவளைத் திட்டவும் இல்லை, அவளுக்காக வக்காலத்து வாங்கவும் இல்லை. திரும்பிய முகத்தில் விளக்கு வெளிச்சம் விழும்படி நிறுத்திவிட்டு, அவனைப் போருக்கு அனுப்பிவிடுகிறது. எழுதியவர் யாராக இருந்தாலும் மனிதர்களைத் தெரிந்தவர்.

மற்றச் சண்டைகள் வேகமாக நடந்தன. தேரோட்டி மகன் என்று ஏசப்பட்டவனுக்கு, தேரோட்ட ஓர் அரசனே வாய்க்கிறான்; அந்தச் சல்லியனும் சாரதித் தட்டில் உட்கார்ந்துகொண்டு எஜமானனை இடித்துப் பேசுகிறான். நாகாஸ்திரத்தைக் கழுத்துக்கு விடுவதா மார்புக்கு விடுவதா என்று இருவருக்கும் தகராறு முற்றி, சல்லியன் தேரை விட்டு இறங்கிப் போகிறான். தம்பியோடு போர். சக்கரம் புதைகிறது. அர்ச்சுனனாக வந்த பையன் புதியவன், அம்பை எய்துவிட்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஆர்மோனியக்காரர் மேல் மோதிக்கொண்டான்.

பிறகு கிருஷ்ணன் கிழப் பிராமணனாக வந்து, குற்றுயிராகக் கிடக்கிறவனிடம் அவன் செய்த புண்ணியத்தையெல்லாம் தானமாகக் கேட்கிறான். கர்ணன் தன் ரத்தத்தையே தாரை வார்த்துக் கொடுக்கிறான். எங்கள் வீட்டு வாசலில் அப்போது மணி நாலரை இருக்கும். அதன் பிறகுதான் குந்தி வந்தாள்.

வில்லிபுத்தூரார் இந்தத் தாய்க்கும் மகனுக்கும் இடையில் எழுதியிருப்பது ஒரு பேரம். போருக்கு முன் தேடி வருகிற குந்தி, நாகாஸ்திரத்தை ஒரு முறைக்கு மேல் விடக்கூடாது, அர்ச்சுனனைத் தவிர மற்ற நால்வரையும் கொல்லக்கூடாது என்று இரண்டு வரம் வாங்குகிறாள். பதிலுக்கு மகன் கேட்பது, நான் செத்துக் கிடக்கும்போது ஊரறிய என்னை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, பால் கொடுத்து, மகனே என்று அழ வேண்டும் என்பது. அதற்கு முன் ஒரு சோதனையும் உண்டு. நான்தான் உன் தாய் என்று சொல்லிக்கொண்டு வந்த பெண்கள் பலர், தேவர் தந்த ஆடை ஒன்றைப் போர்த்தியதும் எரிந்து சாம்பலாகிப் போனார்களாம். குந்தி அதைப் போர்த்திக்கொண்டு, ஒன்றும் ஆகாமல் நிற்கிறாள். சிறுவனாக இருந்தபோது பிரசங்கியார் இதைச் சொன்னால் எனக்கு மயிர் சிலிர்க்கும். பெரியம்மா செத்த பிறகு நினைத்துப் பார்த்தால் வேறு ஒன்று உறைக்கிறது. வயிற்றில் சுமந்தவளை மட்டும்தான் அந்த ஆடைக்குத் தெரியும். அந்தக் கணக்குப்படி, கர்ணனை எடுத்து வளர்த்த ராதை அதைப் போர்த்தியிருந்தால் அவளும் எரிந்திருப்பாள்.

களரியில் குந்தி மகனை மடியில் போட்டுக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். நடிகர் நன்றாகவே அழுதார். கூடவே எங்கள் தெருப் பெண்களும் அழுதார்கள். கருமாதிக் கூத்தில் யார் யாருக்காக அழுகிறார்கள் என்று பிரித்துப் பார்க்க முடியாது. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வாழ்நாள் முழுக்க ஒரு வார்த்தை சொல்லாதவளுக்குச் செத்த பிறகு இத்தனை நேரப் பாட்டா என்று தோன்றியது. தற்செயலாகத் திரும்பியபோது, சித்தி பாயிலிருந்து எழுந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டின் பின்கட்டுக்குப் போவதைப் பார்த்தேன். அந்த எரிச்சல் அப்போது யார் மேல் இருந்தது என்று நான் விளக்கத் தேவையில்லை.

ராதை வரவேயில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, நான் பார்த்த எந்த கர்ண மோட்சத்திலும் அவள் களரிக்கு வந்ததில்லை. இத்தனை ஆண்டுகள் இதைக் கவனிக்காமலே இருந்திருக்கிறேன்.

வியாசர் அவளைக் களத்துக்குக் கொண்டுவரவில்லையே தவிர, அவளுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறார். உத்தியோக பர்வத்தில், அதுவும் கர்ணன் வாயால். தூது வந்து திரும்புகிற கிருஷ்ணன், கர்ணனைத் தேரில் ஏற்றிக்கொண்டு போய் அவன் பிறப்பைச் சொல்லி, ஐவரும் உன் காலைப் பிடிப்பார்கள், ராஜ்யம் உனக்கு, திரௌபதியும் உன்னிடம் வருவாள் என்று ஆசை காட்டுகிறான். கர்ணன் அதற்குச் சொல்கிற பதிலில் துரியோதனனுக்கு முன்னால் ராதை வருகிறாள். அதிரதன் என்னைக் கண்டெடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, என் மேல் வைத்த பாசத்தால் ராதைக்கு அந்தக் கணமே பால் சுரந்தது. என் மலமூத்திரம் அள்ளியவள் அவள். அவளுக்குரிய பிண்டத்தை என்னைப் போன்ற ஒருவன் எப்படி இல்லாமல் செய்வான் என்று கேட்கிறான். உலகமே கிடைத்தாலும், பொன் குவித்தாலும் அந்த உறவைப் பொய்யாக்க முடியாது என்கிறான். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் பாடிப் பாடி நண்பனுக்குக் கொடுத்துவிட்ட பெருமையில், பாதிக்கு மேல் இந்தச் சாணம் அள்ளிய வீட்டுக்குச் சேர வேண்டியது. பிண்டம் என்ற அந்தச் சொல்லை, காரியத்துக்கு எள்ளும் அரிசியும் வாங்கிய கையோடு படித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்து குந்தி வருகிறாள். கங்கைக் கரையில் நடுப்பகல். முதுகு வெயிலில் காயும்வரை சூரியனை வணங்கிக்கொண்டு நிற்கிறான் மகன். அவன் மேலாடையின் நிழலில், வாடிய தாமரை மாலை போல ஒதுங்கி நின்று காத்திருக்கிறாள் தாய். அவன் திரும்பிப் பார்த்துக் கை கூப்பி, ராதையின் மகன், அதிரதன் மகன் கர்ணன் வணங்குகிறேன் என்கிறான். அவள் வாயிலிருந்து வருகிற முதல் வாக்கியம், நீ குந்தியின் மகன், ராதையின் மகன் அல்ல, அதிரதன் உன் தகப்பனும் அல்ல என்பது. மகனைத் தேடி வந்த தாய் அவனுக்குக் கொண்டுவந்த முதல் செய்தி, உன்னை வளர்த்தவர்கள் உனக்கு யாரும் இல்லை என்பதுதான். எந்தப் பகைவனும் செய்யாத கேட்டை நீ எனக்குச் செய்தாய் என்று அவன் பொங்கிப் பேசுவதில் எனக்கு வியப்பு இல்லை. அப்படிப் பேசிவிட்டு, அர்ச்சுனன் செத்தாலும் நான் செத்தாலும் உனக்குப் பிள்ளைகள் ஐந்து இருப்பார்கள் என்று வாக்கும் கொடுக்கிறானே, அதுதான் வியப்பு.

இன்னொரு காட்சியையும் சொல்லாமல் விட மனமில்லை, கூத்தில் அதற்கும் இடமில்லை என்றாலும். போட்டி அரங்கில் துரியோதனன் கர்ணனுக்கு அங்க நாட்டு முடியைச் சூட்டிய சற்று நேரத்தில், வேர்த்து விறுவிறுத்து, மேல்துணி நழுவ, கோலை ஊன்றிக்கொண்டு அதிரதன் உள்ளே வருகிறார். முடிசூட்டிய ஈரம் காயாத தலையோடு கர்ணன் வில்லைக் கீழே போட்டுவிட்டு அவர் காலில் விழுகிறான். கிழவர் அவசரமாகத் தம் கால்களை ஆடை நுனியால் மூடிக்கொள்கிறார். மகன் ராஜாவாகிவிட்டான், அவன் தலை படக்கூடிய கால்களா இவை என்ற கூச்சம். பீமன் சிரித்துக்கொண்டே, வில் எதற்கு, சாட்டையை எடுத்துக்கொள் என்கிறான். பெற்றவள் அதே அரங்கில், கர்ணனை அடையாளம் கண்டு மயங்கி விழுந்து எழுந்து, பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவள் பேசுவது எல்லாம் முடிந்த பிறகு, செத்தவர்களுக்கு நீர்க்கடன் கழிக்கும்போது. அவனுக்கும் தண்ணீர் விடுங்கள், உங்கள் அண்ணன் என்று தருமனிடம் சொல்கிறாள். ராதைக்கு யார் தண்ணீர் விட்டார்கள் என்று நான் படித்தவரையில் காவியத்தில் இல்லை.

விடிந்து, கர்ணனும் மோட்சம் போய், மங்களம் பாடி முடித்த பிறகு, கூத்து வாத்தியாருக்குப் பேசிய பணத்தைக் கொடுக்கப் பின்பந்தலுக்குப் போனேன். கர்ணனாக ஆடியவர் அவர்தான். தேங்காய் எண்ணெயைத் தடவி முகத்து அரிதாரத்தைத் துணியால் வழித்துக்கொண்டிருந்தார். பாதி முகம் கர்ணனாகவும் பாதி முகம் அறுபது வயதுக்காரராகவும் இருந்தது. புஜக்கட்டையின் கயிறு அறுத்த தடம் இரண்டு கையிலும் சிவந்து கிடந்தது. ராதை ஏன் வருவதில்லை என்று கேட்டேன். கேள்வி அவருக்குப் புதியதாக இருந்திருக்க வேண்டும். துணியைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் யோசித்தார்.

"ராதைக்குப் பாட்டு இல்லப்பா."

"ஏன் இல்ல?"

"அவளுக்கும் அவனுக்கும் இன்னா வழக்கு இருக்குது? பொன்னுருவிக்கு வழக்கு இருக்குது, பாடுறா. குந்திக்கு இருக்குது, பாடுறா. வழக்கு இல்லாதவங்க எதைப் பாடுவாங்க?"

பணத்தை எண்ணிப் பார்க்காமல் மடியில் செருகிக்கொண்டு, மறுபடி துணியை எடுத்தார். நாடகத்தைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களில் இதைவிடத் தெளிவானது வேறு இல்லை. சண்டை இல்லாத இடத்தில் கூத்துக்கு வேலை இல்லை. எனக்கும் பெரியம்மாவுக்கும் நாற்பத்து மூன்று ஆண்டுகளில் எடுத்துச் சொல்லும்படி ஒரு வழக்கும் இருந்ததில்லை. சோறு குழைந்துவிட்டது, சட்டை அழுக்கு, போன் பண்ணவில்லை என்ற அளவில் தினம் ஒன்று எழுந்து அன்றன்றைக்கே தீர்ந்துபோனது. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அரைப் பக்கம் தாண்டுவதில்லை. இதோ, இந்தக் கட்டுரையில்கூட அவள் தலையணையோடு கூத்துக்கு நடந்ததைத் தவிர நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

உள்ளே வந்தபோது பந்தல்காரர்கள் மூங்கிலை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்கள். சித்தி பின்கட்டில், அண்டாவில் மிச்சமிருந்த டீயைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. அக்காவுக்காக என்று நினைத்துக்கொண்டேன். டம்ளரை வாங்கிக்கொண்டு, சும்மா இருந்திருக்கலாம், இருக்கவில்லை. குந்தி வந்ததும் எழுந்து போய்விட்டாயே என்று கேட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன். அவளுக்கும் அது தெரிந்தது.

அவள் அடுப்பை அணைத்தாள். டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு என்னைப் பார்க்காமல், யாரோ மூன்றாவது ஆளிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"மூணாம் மாசம் உன்ன எங்க அக்கா கைல குடுத்துட்டு வந்தேன். மறுநாள் காலைல பால் குடுக்கப் போனேன். அதுக்கு மறுநாளும் போனேன். நாலாம் நாளு எங்க அக்கா, நீ வந்துட்டுப் போனா புள்ள உன் பின்னாலயே அழுவுது, இனிமே வராதடின்னா. அவ சொன்னதும் நாயந்தான். வூட்டுக்கு வந்துட்டேன். பால் கட்டிக்கினு ஜொரம். எங்க மாமியா மல்லிப்பூவைக் கொண்டாந்து மார்ல வெச்சு இறுக்கிக் கட்டிச்சு, அப்பதான் வத்தும்னு. எட்டு நாளு கட்டிக்கினு கெடந்தேன்."

வாசலிலிருந்து யாரோ டீ கேட்டார்கள். அவள் இரண்டு டம்ளரைத் தூக்கிக்கொண்டு போனாள்.

எங்கள் வீட்டில் மற்றப் பெண்கள் எல்லோரும் தலையில் பூ வைத்துக்கொள்வார்கள். சித்தி கனகாம்பரம் வைப்பாள், கதம்பம் வைப்பாள். மல்லிகை வைத்து நான் பார்த்ததில்லை.